கல்லூரி கண்ட பாதிரியார் வில்லியம் மில்லர்

புதுச்சேரியிலிருந்து தெற்கே செல்லும் சாலையில் பாகூர் என்னும் ஊர் இருக்கிறது. பெரிய ஏரியும் அதைச் சூழ்ந்த நெல்வயல்களும் கொண்ட உழவர் ஊர். இன்று அதைக் காண்போருக்கு, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் அங்கே ஓர் உயர் கல்விக்கூடம் இருந்தது என்று சொன்னால் வியப்பாகவே இருக்கும். பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டில் எழுந்த பாகூர்ச் செப்பேடுகள் அதற்குச் சான்றாக நிற்கின்றன. சேட்டுப்பாக்கம், விளாங்காட்டங்கடுவனூர், இறைப்புணைச்சேரி என்னும் மூன்று ஊர்களின் வருவாய், பாகூரிலிருந்த வித்தியாஸ்தானத்தின் செலவுக்கென்று எழுதி வைக்கப்பட்டதை அவை கூறுகின்றன. கற்பித்தோர் சமயச் சார்புடையவர்கள். பொருள் ஊர்களின் வருவாய். இரண்டும் சேர்ந்தே அந்தக் கல்விக்கூடம் நிலைத்தது.

கல்விக்கு யார் பொருள் தருவது? யார் நடத்துவது? நடத்துவோரின் சமயம் கற்போரின் மீது எவ்வளவு தூரம் படியலாம்? பாகூரில் ஒன்பதாம் நூற்றாண்டில் ஒருவகையாகத் தீர்ந்த இந்த வினாக்கள், பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழகத்தில் மீண்டும் எழுந்தன. அவற்றுக்கு விடை கண்டவர்களுள் தலையாய ஒருவரைப் பற்றியே இக்கட்டுரையில் எழுத எண்ணுகிறோம். அவர் நம் சமயத்தவர் அல்லர். நம் நாட்டவரும் அல்லர். ஆயினும் அவர் அமர்ந்த ஒரு குழுவின் முடிவுகள் நம் பாட்டனார் காலத்துப் பிள்ளைகளின் படிப்பைத் தொட்டன. அதனால் அவர் வரலாற்றை நாமும் அறிந்திருத்தல் வேண்டும்.

ஒரே மனிதர் சமயப் போதகராகவும், கல்விக்கூடத் தலைவராகவும், சட்டம் இயற்றும் அவையின் உறுப்பினராகவும் விளங்குவது அந்த நூற்றாண்டில் அரிதன்று. அமெரிக்காவில் ஹைரம் ரெவல்ஸ் என்பவர் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. 1827இல் பிறந்த இந்தக் கறுப்பினப் பெருமகனார், போதகராகவும் ஆசிரியராகவும் பல மாநிலங்களில் பணி செய்தவர். அடிமை முறை ஒழிந்த சில ஆண்டுகளிலேயே, 1870இல், மிசிசிப்பி மாநிலத்தின் சார்பில் அமெரிக்க செனட் சபையில் அமர்ந்தார். அந்தச் சபையில் இடம்பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவரே. ஓராண்டில் பதவிக்காலம் முடிந்ததும், கறுப்பின மாணவர்களுக்கெனத் தொடங்கப்பெற்ற ஆல்கார்ன் கல்லூரியின் முதல் தலைவரானார். தம் மக்கள் தலைநிமிர வேண்டுமானால் வழிபாட்டு மேடை, வகுப்பறை, சட்டசபை ஆகிய மூன்றிலும் உழைத்தாக வேண்டும் என்ற எண்ணம் அவர் வாழ்வில் தெரிகிறது.

தமிழகத்தில் இம்மூன்று பொறுப்புகளையும் ஒருங்கே தாங்கியவர் டாக்டர் வில்லியம் மில்லர். ஸ்காட்லாந்தின் வடகோடியிலுள்ள தர்சோ என்னும் சிற்றூரில் 1838ஆம் ஆண்டு பிறந்தார். அபர்தீனில் பட்டப்படிப்பும் எடின்பரோவில் சமயக் கல்வியும் முடித்து, போதகராகப் பட்டம் ஏற்று, 1862ஆம் ஆண்டின் இறுதியில் சென்னை வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 24.

அவர் வந்து பொறுப்பேற்ற பள்ளி, ஜான் ஆண்டர்சன் என்னும் பாதிரியார் 1837இல் ஏற்று வளர்த்த பள்ளியாகும். ஆண்டர்சன் 1855இல் காலமானார். அவருக்குப் பின் தளர்ந்திருந்த அந்தப் பள்ளியை மில்லர் கையில் எடுத்தார். சில ஆண்டுகளில் அதில் கல்லூரி வகுப்புகள் தொடங்கின, பட்டப்படிப்பும் வந்தது. தம் சொந்தப் பொருளையும் அவர் அதற்கே வாரி வழங்கினார். திருமணம் செய்துகொள்ளவில்லை. கல்லூரியே அவருக்குக் குடும்பமாயிற்று.

மில்லர் செய்தவற்றுள் நாம் முதலில் எண்ணிப் பார்க்க வேண்டியது, அவர் பிறரை இணைத்துக்கொண்ட முறையையே. சென்னையில் அந்நாளில் ஒவ்வொரு கிறித்தவச் சபையும் தனித்தனியே பள்ளி நடத்தியது. ஸ்காட்லாந்துச் சபைக்கு ஒன்று, ஆங்கிலச் சபைக்கு ஒன்று, வெஸ்லியன் சபைக்கு ஒன்று என்று பிரிந்து கிடந்தால் எதுவும் முழுமையான கல்லூரியாக வளராது என்பதை அவர் கண்டார். தம் கோட்பாட்டிலிருந்து வேறுபட்ட சபையாரிடம் சென்று, உங்கள் பள்ளிகள் உங்களிடமே இருக்கட்டும், உயர் கல்விக்கு மட்டும் நாம் சேர்ந்து ஒரு கல்லூரி நடத்துவோம் என்று வேண்டினார். அதன் பயனாக 1877இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி என்னும் பெயருடன் பல சபைகளின் பொதுக் கல்லூரி தோன்றியது. சென்னை உயர்நீதிமன்றத்துக்கு எதிரே அது பல்லாண்டுகள் நடைபெற்றது. 1937இல் தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்தது.

அந்த 1877ஆம் ஆண்டு இந்தியக் கல்வி வரலாற்றில் குறித்துக்கொள்ளத் தக்க ஆண்டாகும். அவ்வாண்டின் ஜனவரி மாதத்தில்தான் அலிகாரில் முகம்மதிய ஆங்கிலோ ஓரியண்டல் கல்லூரிக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. சையித் அஹ்மத் கான் அவர்கள் இரண்டாண்டுகளுக்கு முன் தொடங்கிய பள்ளி இவ்வாறு கல்லூரியாக வளர்ந்தது. நம் புதுச்சேரியிலும் கலவை சுப்பராயச் செட்டியாரின் கொடையால் கலவைக் கல்லூரி அவ்வாண்டில் எழுந்தது. வடக்கே ஒரு முஸ்லிம் பெருமகனார், சென்னையில் ஒரு பாதிரியார், புதுச்சேரியில் ஓர் இந்து வணிகர். மூவரும் ஒருவரையொருவர் பார்த்துத் தொடங்கியவர் அல்லர். காலத்தின் தேவையை மூவரும் உணர்ந்திருந்தனர்.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 1879இல், புதுச்சேரிக்கும் விழுப்புரத்துக்கும் இடையே இருப்புப்பாதை திறக்கப்பட்டது. வில்லியனூரில் வண்டி நின்றது. சங்கராபரணி ஆற்றங்கரையில், சுல்தான்பேட்டை முதலிய பகுதிகளில் வாழ்ந்த நம் மக்களுக்குச் சென்னை அண்மையில் வந்துவிட்டது. மறு ஆண்டே, 1880இல், வில்லியனூரும் பாகூரும் பிரெஞ்சு ஆட்சியில் தனித்தனிக் கொம்யூன்களாக அமைந்து, தேர்ந்தெடுக்கப்பட்ட நகரசபைகளைப் பெற்றன. பாதையும் பிறந்தது, வாக்கும் வந்தது. ஆனால் பாதையைப் பயன்படுத்திக் கல்லூரிக்குச் செல்லவும், வாக்கைப் பொருளறிந்து அளிக்கவும் கல்வி வேண்டுமே! அது எல்லா வீட்டுக்கும் எட்டவில்லை.

ஏன் எட்டவில்லை என்று கேட்டால், அச்சம் ஒரு காரணம் என்று நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். பாதிரிமார் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பினால் பிள்ளை கைவிட்டுப் போய்விடும் என்று நம் முன்னோர்கள் அஞ்சினார்கள். இந்துப் பெற்றோரும் அவ்வாறே அஞ்சினர். இதை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. ஆண்டர்சன் காலத்தில் மாணவர் மதம் மாறியதும், அதனால் பெற்றோர் பள்ளியைவிட்டுப் பிள்ளைகளை விலக்கிக்கொண்டதும் சென்னையில் நடந்தவையே.

மில்லர் இந்த அச்சத்தை எவ்வாறு எதிர்கொண்டார்? அவர் தம் நம்பிக்கையை மறைத்தவர் அல்லர். கல்லூரியில் பைபிள் வகுப்பு நடந்தது, அவரே நடத்தினார். ஆனால் எத்தனை பேர் மதம் மாறினர் என்னும் கணக்கைக் கொண்டு கல்லூரியின் பயனை அளக்கக் கூடாது என்று உறுதியாக வாதிட்டார். நல்லொழுக்கமும் சிந்தனையும் மக்களிடையே பரவுவதே கல்லூரியின் வேலை என்பது அவர் கொள்கை. இதனால் அவர் சொந்தச் சபையாரிடமிருந்தே கண்டனங்களைக் கேட்க நேர்ந்தது. இவ்வளவு பணம் செலவிட்டு எத்தனை ஆத்துமாக்களைச் சேர்த்தீர் என்று ஸ்காட்லாந்திலிருந்தும் பிற மிஷனரிகளிடமிருந்தும் வினா எழுந்தது. அவர் அசையவில்லை. பெரும்பான்மை மாணவர்கள் தத்தம் சமயத்திலேயே இருந்து படித்து வெளியேறினார்கள். அவர்களே பிற்காலத்தில் அவரை மிகுதியாகப் போற்றினார்கள்.

அவருடைய குறிக்கோள் கிறித்தவமே என்பதை நாம் மறக்கவில்லை, மறைக்கவும் இல்லை. அவர் விதைத்தது தம் சமயம் என்றாவது ஒருநாள் இம்மண்ணில் விளையும் என்ற நம்பிக்கையோடுதான். எனினும் ஒரு கல்விக்கூடத்தை நடத்துவோர், தம் சமயத்தில் ஆழ்ந்த பற்றுடையவராய் இருந்துகொண்டே பிற சமயப் பிள்ளைகளின் நம்பிக்கையைப் பெற முடியும் என்பதை அவர் வாழ்வு காட்டுகிறது. இன்று நம் சமுதாயத்தார் நடத்தும் கல்லூரிகளில் எல்லாச் சமய மாணவரும் பயில்கின்றனர். அவர்களின் பெற்றோர் நம்மை நம்புவதற்கும் இதே நேர்மைதான் அடிப்படையாகும்.

இனி, நம்மை நேரே தொடும் செய்திக்கு வருவோம். 1882ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் இந்திய அரசு, வில்லியம் ஹன்டரைத் தலைவராகக் கொண்டு ஒரு கல்விக் குழுவை அமைத்தது. அதில் சென்னையின் சார்பில் மில்லர் இடம்பெற்றார். முஸ்லிம்களின் சார்பில் முதலில் நியமிக்கப்பட்டவர் சையித் அஹ்மத் கான். அவர் விலகிக்கொள்ள, அவர்தம் மைந்தர் சையித் மஹ்மூத் அவ்விடத்தில் அமர்ந்தார். மறு ஆண்டு குழுவின் அறிக்கை வெளிவந்தது.

முஸ்லிம்களின் கல்விக்கென்றே அந்த அறிக்கை 17 பரிந்துரைகளைக் கூறியது. முஸ்லிம் கல்வியை ஊக்குவிக்கும் செலவை உள்ளாட்சி, நகராட்சி, மாகாண நிதிகளின் நியாயமான செலவாகக் கொள்ள வேண்டும். நம் மக்கள் தாமே நடத்தும் ஓதும் பள்ளிகளில் பொதுப் பாடங்களையும் சேர்த்துக்கொள்ளத் தூண்டி உதவ வேண்டும். முஸ்லிம் ஆசிரியர்களுக்குப் பயிற்சி வகுப்புகள் வேண்டும். தொடக்கப் பள்ளி முதல் கல்லூரி வரை படிப்படியான உதவித்தொகைகள் வேண்டும். முஸ்லிம் பள்ளிகளைப் பார்வையிட முஸ்லிம் அலுவலர்கள் வேண்டும் என்பன அவற்றுள் சில.

அவற்றுள் ஒன்று தமிழ் முஸ்லிம்களாகிய நமக்குத் தனிச் சிறப்புடையது. முஸ்லிம் பிள்ளைகளுக்கு இந்துஸ்தானியே பயிற்று மொழியாக இருக்கலாம் என்று கூறிய குழு, அவ்விடத்து முஸ்லிம்கள் வேறு மொழியை விரும்பினால் அவ்வாறே இருக்கலாம் என்று ஒரு விலக்கையும் சேர்த்தது. தில்லியையும் லக்னோவையும் மட்டும் நினைத்து எழுதியிருந்தால் இந்த விலக்கு வந்திராது. தமிழையே தாய்மொழியாகக் கொண்டு, அதில் காப்பியமும் கண்ணியும் பாடி, அறபு எழுத்தில் தமிழை எழுதி மார்க்கம் கற்ற நம் மக்களைப் போன்றோருக்கு அந்த ஒரு வரி ஒரு வாயிலைத் திறந்து வைத்தது. முஸ்லிம் என்றால் ஒரே மொழி என்று எண்ணிவிடாமல், ஊரின் விருப்பத்தைக் கேட்கச் சொன்ன வரி அது.

ஆனால் வாயில் திறந்திருப்பது வேறு. அதனுள் நுழைவது வேறு. குழுவின் மற்றொரு முக்கியமான முடிவை இங்கே கவனிக்க வேண்டும். உயர் கல்வியை அரசு நேரே நடத்துவதிலிருந்து படிப்படியாக விலகி, தனியார் நடத்தும் நிறுவனங்களுக்கு மானியம் தந்து வளர்க்க வேண்டும் என்பதே அம்முடிவு. மானிய முறை 1854ஆம் ஆண்டின் கல்விச் சாசனத்திலேயே வகுக்கப்பட்டதுதான். ஆயினும் அதற்குப் புத்துயிர் தரவேண்டும் என்று வாதாடியவர்களில் மில்லர் முன்னணியில் நின்றார். தாம் கட்டிய கல்லூரி அரசின் கல்லூரியோடு போட்டியிட வேண்டிய நிலையில், அரசு விலகினால் இடம் கிடைக்கும் என்பதை அவர் அறிந்திருந்தார். இதில் தன்னலம் இல்லை என்று சொல்ல முடியாது. பொதுநலமும் இருந்தது.

மானியம் யாருக்குச் செல்லும்? முன்னரே பள்ளி வைத்திருப்பவருக்குச் செல்லும். கட்டடமும் ஆசிரியரும் கணக்கும் காட்டக் கூடியவருக்குச் செல்லும். பாதிரிமார்களிடம் அவை இருந்தன; இந்துச் செல்வர்களும் விரைந்து ஏற்படுத்திக்கொண்டனர். நம்மிடம் பள்ளிவாசலும் ஓதும் பள்ளியும் வக்ஃபு நிலமும் இருந்தன. வேலூரில் பாகியாத்துஸ் ஸாலிஹாத் போன்ற உயர்ந்த அறபுக் கலாசாலையும் அந்நாளிலேயே தோன்றியது. ஆனால் பொதுக் கல்விக்கான நிறுவனங்கள் இல்லை. உதவி தயாராக இருந்தது. அதை வாங்க நீளும் கைகள் நம்மிடம் மிகச் சிலவே. வரலாறு நமக்குச் செய்த அநீதி என்று இதைச் சொல்லிவிட்டு இருந்துவிடலாம். நம் பங்கு தாமதமும் அதில் உண்டு என்பதை மறுக்க இயலாது.

ஆண்டுகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் இது விளங்கும். மில்லரின் கல்லூரி 1877. வாணியம்பாடியில் நம்மவர் தொடங்கிய பள்ளி இஸ்லாமியாக் கல்லூரியாக உயர்ந்தது 1919. திருச்சி ஜமால் முகம்மது கல்லூரியும் சென்னைப் புதுக்கல்லூரியும் தோன்றியது 1951. அதிராம்பட்டினம் காதர் முகைதீன் கல்லூரி 1955. இந்த இடைவெளியில் இரண்டு தலைமுறைகள் கடந்துவிட்டன. அந்தத் தலைமுறைகளில் படித்திருக்க வேண்டியவர்கள், கடையிலும் கப்பலிலும் வயலிலும் உழைத்துத் தம் பிள்ளைகளையேனும் படிக்க வைக்க வேண்டும் என்று ஏங்கினர். பின்னர் எழுந்த கல்லூரிகளின் செங்கற்களுக்கு அந்த ஏக்கமும் அவர்களுடைய வணிகத்தின் வருவாயுமே விலையாயின.

மில்லர் சட்டசபைக்குச் சென்ற வரலாற்றையும் கூற வேண்டும். 1892ஆம் ஆண்டின் இந்தியச் சபைகள் சட்டத்துக்குப் பின், மாகாணச் சட்டசபையில் பல்கலைக்கழகத்துக்கு ஒரு பிரதிநிதி கிடைத்தார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் சார்பில் அந்த இடத்தில் மில்லர் அமர்ந்தார். பாதிரியார் ஒருவரைப் படித்த இந்தியர் பெரும்பாலோர் தம் பிரதிநிதியாக ஏற்றது சிறிய செய்தியன்று. அவரிடம் படித்தவர்கள் வழக்கறிஞர்களாகவும் ஆசிரியர்களாகவும் அலுவலர்களாகவும் பல்கலைக்கழகத்தில் நிறைந்திருந்தனர். வகுப்பறையில் அவர் ஈட்டிய நம்பிக்கையே அவரைச் சட்டசபைக்கு அனுப்பியது.

இதனோடு நம் கொம்யூன்களை ஒப்பிட்டுப் பார்க்கிறோம். சென்னையில் ஒருசில பட்டதாரிகளுக்கு மட்டும் பிரதிநிதித்துவம் கிடைத்த அந்நாளில், வில்லியனூரிலும் பாகூரிலும் சாமானிய ஆண்களுக்கு வாக்குரிமை இருந்தது. உரிமையின் அளவில் நம் பிரெஞ்சுப் பகுதி முன்னே நின்றது. ஆனால் உரிமை மட்டும் போதுமா? படிப்பு இல்லாத இடத்தில் வாக்கு, வலியவர் கையில் சிக்கும் பொருளாகிவிடுகிறது. பிரெஞ்சிந்தியத் தேர்தல்களில் கலவரமும் ஆள்பலமும் மலிந்திருந்தமை வரலாறு அறிந்த செய்தி. ஓர் இடத்தில் படிப்பு இருந்தும் வாக்கு இல்லை. மற்றோரிடத்தில் வாக்கு இருந்தும் படிப்பு இல்லை. இரண்டும் ஒன்று சேர்ந்தால்தான் மனிதன் குடிமகனாகிறான்.

மில்லரின் இறுதிக்காலச் சிறப்புகள் பல. 1896இல் ஸ்காட்லாந்தின் சுயேச்சைத் திருச்சபை அவரைத் தன் பேரவைத் தலைவராக்கிப் பெருமைப்படுத்தியது. முன்பு கணக்குக் கேட்ட சபையே இவ்வாறு மரியாதை செய்தது. 1901இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானார். ஷேக்ஸ்பியர் நாடகங்களை வாழ்க்கை நெறியோடு பொருத்தி அவர் ஆற்றிய சொற்பொழிவுகள் நூல் வடிவம் பெற்றன. அவர் உயிரோடிருக்கும்போதே மாணவர்கள் அவருக்குச் சிலை எடுத்தனர். சிலை எடுப்பது நம் மரபன்று. ஆயினும் ஆசிரியரிடம் மாணவர் காட்டிய அந்த அன்பின் அளவை நாம் மதிக்கிறோம். 1907இல் உடல் தளர்ந்து தாயகம் திரும்பினார். 1923இல் எடின்பரோவில் காலமானார். சென்னைக்கு வந்த நாளிலிருந்து எண்ணினால், தம் வாழ்வின் 40 ஆண்டுகளுக்கு மேல் அவர் இந்த ஒரே கல்லூரிக்குக் கொடுத்திருக்கிறார்.

மில்லரின் வரலாற்றில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அவர் சமயத்தை அன்று. நமக்கு நம் மார்க்கம் உண்டு, அதில் கல்வி கடமையாகவே வைக்கப்பட்டிருக்கிறது. எடுத்துக்கொள்ள வேண்டியவை அவருடைய செயல் முறைகள். ஒரே பணியில் வாழ்நாளைச் செலவிடுதல்; கருத்து மாறுபட்டவரையும் கல்விக்காக இணைத்துக்கொள்ளுதல்; இன்று விதைத்ததற்கு நாளையே கணக்குக் கேட்காதிருத்தல்; தம் பொருளை முதலில் வைத்துவிட்டுப் பிறகு பிறரிடம் கேட்டல். நம் ஊர்களில் இரண்டு ஜமாஅத்தார் சேர்ந்து ஒரு பள்ளி நடத்த இயலாமல், இருவரும் தனித்தனியே அரைகுறையாக நடத்துவதைக் காணும்போதெல்லாம், மூன்று சபைகளை ஒரே மேசையில் அமர்த்திய அந்த இளைஞரை நினைக்கிறோம்.

பாகூர் ஏரிக்கரையில் நின்றால் நீருக்கு அப்பால் வயல்கள் பசேலென்று தெரிகின்றன. அந்த வித்தியாஸ்தானத்தின் சுவரில் ஒரு கல்லைக்கூட இன்று நாம் அடையாளம் காட்ட முடியாது. செப்பேட்டின் எழுத்து மட்டுமே மிஞ்சியது. மூன்று ஊர்களின் வருவாய் நின்றதும் கல்விக்கூடமும் மறைந்தது போலும். பொருளைக் கொடுத்தவரும், பொறுப்பை ஏற்றவரும், தொடர்ந்து காத்தவரும் ஒரே காலத்தில் இருந்தால்தான் கல்வி நிலைக்கும். கொடுத்தவர் நம்மில் பலர் உண்டு. பொறுப்பேற்றவரும் உண்டு. தலைமுறை தலைமுறையாகக் காப்பவர் வேண்டும். அதை நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இன்றிரவே சொல்லித் தொடங்கலாம். அவர்களில் ஆண் பெண் என்னும் வேறுபாடு வேண்டா.